பேசாத பிரேக் தட்டு

அத்தியாயம் 9

மலை ஊரான தானா ராத்தாவின் போலீஸ் நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சிவலிங்கம், தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன இரவல் சாமானைப் பார்ப்பது போல.

"மாட்டுனேன் மேடம். புதுத் தட்டு. இந்தக் கையாலதான் மாட்டுனேன்."

சுபத்ரா காத்திருந்தாள். கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"மாட்டுனேன்னுதான் நெனக்கிறேன்."

முதலில் சொன்னதைவிட இதுதான் சுபத்ராவைக் கலக்கியது. ஈப்போவில் துப்பறியும் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எத்தனையோ விபத்துகளைத் தோண்டிப் பார்த்தவள் அவள். பொய் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். உண்மை பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். ஆனால் தன் கை செய்த வேலையைத் தானே நம்ப முடியாமல் தவிக்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறாள்.

விஷயம் இதுதான். ஏழாங்கட்டை எஸ்டேட்டின் டீ பேக்டரியில், கொழுந்து மூட்டைகளை மேல் மாடிக்குத் தூக்க ஒரு ஹாய்ஸ்ட் இருக்கிறது. போன வாரம் அதன் பிரேக் பிடிக்கவில்லை. பாதி உயரம் போன மூட்டைகள் மொத்தமாகக் கீழே வந்தன. கீழே சின்னையா நின்றிருந்தார். வயசாளி. அவரை மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தபோது மூச்சு இல்லை.

பிரேக்கைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த இரும்புத் தட்டு அப்பளம் மாதிரித் தேய்ந்து போயிருந்தது. புதுத் தட்டு கொடுத்து மாட்டச் சொன்னோம், மிஷின் பிட்டர் சிவலிங்கம் மாட்டாமல் அதை வெளியே விற்றுவிட்டார் என்று எஸ்டேட் தரப்பு புகார் கொடுத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பேக்டரி ஓடாத நேரத்தில் மாட்டினேன் என்கிறார் சிவலிங்கம். சாட்சி யார் என்றால், டார்ச் லைட் பிடித்த ஒரே ஓர் ஆள். அந்த ஆள் சின்னையா.

நாளைக் காலை சிவலிங்கத்தைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

வெளியே, அவர் மகள் துளசி குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் மழையில் நின்றிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். கழுத்தில் இன்னும் பள்ளிக்கூடத்து அட்டை தொங்கியது.

"அப்பா நேத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல ஆண்ட்டி. ஜெயிலுக்குப் போனாலும் பரவால்லங்கிறாரு. சின்னையா மாமாவ நான் கொன்னேனா இல்லியான்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்கன்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றாள் சுபத்ரா. சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று நினைத்தாள்.

காரில் ஏறியதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து லியோனார்ட் திரும்பினான். அவளுடைய உதவியாள், டிரைவர், வாயாடி, மூன்றும் அவனே. நாற்பது வயசு, தலையில் நாலே முடி. பிறந்து வளர்ந்தது இதே ஏழாங்கட்டை லைன் வீட்டில்.

"சாயங்காலத்துக்குள்ளயா? பாஸ், இந்த மழையில நம்ம கார் ஏழாங்கட்ட ஏறி முடிக்கவே சாயங்காலம் ஆயிடும்லா."

பின் சீட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் கரேன் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கோலாலம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அணு இயற்பியல் பார்க்கிறவள். காணாமல் போன அந்தப் புதுத் தட்டு அவள் கொடுத்தது. மலைக் காற்றின் ஈரத்தில் மிஷின் பாகங்கள் எவ்வளவு சீக்கிரம் தேய்கின்றன என்று அளப்பதற்காகக் கொடுத்தாள்.

"டாக்டர், எனக்கு மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க. நான் சயின்ஸ்ல பெயிலு," என்றான் லியோனார்ட்.

"தேய்மானத்த அளக்கணும்னா மிஷினப் பிரிக்கணும். பிரிச்சு மாட்டுனா மறுபடி அதே மாதிரி உக்காராது. அதனால பிரிக்காமலே அளக்க ஒரு வழி. சைக்ளோட்ரான்னு ஒரு பெரிய மிஷின்ல வச்சு, தட்டோட முகத்துல ஓர் எடத்துல மட்டும் அணுத் துகளால அடிப்போம். அந்த எடத்துல மேல்தோல் மட்டும், ஒரு முடி கனத்துக்கு, லேசா கதிர் விட ஆரம்பிக்கும். இரும்புல துளியூண்டு கோபால்ட்டா மாறிடும். தட்டு தேயத் தேய கதிர் குறையும். வெளிய நின்னு மீட்டரப் பிடிச்சாப் போதும், எவ்ளோ தேஞ்சிருக்குன்னு அதுவே சொல்லிடும்."

"ஐயோ. எனக்கு முடி கொட்டுமா?"

"அது அவ்ளோ கம்மியான கதிர். அதோட உங்களுக்குக் கொட்ட என்ன இருக்கு?"

சுபத்ரா சிரிக்கவில்லை. "போலீஸ் வச்சிருக்கிற தேஞ்ச தட்டுல மீட்டரப் பிடிச்சீங்களே?"

"சத்தமே இல்ல. அது எங்க தட்டு இல்ல, பழைய தட்டு. ஆனா அத வச்சு என்ன சொல்ல முடியும்? இவர் மாட்டவே இல்லன்னும் சொல்லலாம். மாட்டுனத யாரோ கழட்டிட்டுப் பழச வச்சாங்கன்னும் சொல்லலாம். முதல் அளவு எடுக்க நான் வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மண்சரிவு ரோட்ட அடச்சிருச்சு, வர முடியல." கரேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தேஞ்சு விழுந்த தூள் என்ன ஆகும்?" என்று கேட்டாள் சுபத்ரா.

கரேன் சட்டென்று திரும்பினாள். "தூளும் அதே கதிரத்தான் விடும்."

"அப்ப தட்டு போனா போகட்டும். ஹாய்ஸ்ட்ல ஒரு நாளாவது அது ஓடியிருந்தா பிரேக் பெட்டிக்குள்ள தூள் இருக்கணும். லியோ, மிதி."

பேக்டரி வாசலிலேயே மேனேஜர் ஷாமல் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயசுதான் இருக்கும், ஆனாலும் எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவர் துரைதான்.

"லுக் மேடம், போலீஸ் பாத்துட்டுப் போயாச்சு. எனக்கு பேக்டரி ஓடணும். என்ன பாக்கணுமோ சீக்கிரம் பாத்துட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால் நின்றவர் பேக்டரியின் கணக்குப் பார்க்கும் கிராணி தினேஸ்வரன். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து. மொட்டையடித்த தலையில் முடி இப்போதுதான் கரும்புள்ளியாக முளைத்துக்கொண்டிருந்தது. சின்னையாவுக்குப் பிள்ளை கிடையாது. அக்கா மகனான தினேஸ்வரன்தான் கொள்ளி வைத்தார். சுடுகாட்டில் அவர் அழுததைப் பார்த்து தொழிலாளர் லயமே அழுததாம்.

"சிவலிங்கம் கெட்டவரு இல்ல மேடம்," என்றார் மெதுவாக. "ஏதோ கஷ்டம், வித்துட்டாரு போல. எனக்கு அவரு மேல கோவம்கூட வரல. போன உசிரு போயிருச்சு." பிறகு லியோனார்ட்டைப் பார்த்தார். "லியோ, போறப்ப ஆபீஸ்ல முட்டக்கோஸ் இருக்கு, எடுத்துட்டுப் போ. பெர்த்தாம் பக்கம் நம்ம காய்கறித் தோட்டத்துது. இன்னிக்குக் காலையிலதான் சரிவுலேர்ந்து கப்பியில இழுத்து ஏத்துனோம்."

"துக்க வீட்டுலயும் காய்கறி குடுக்குற மனசு யாருக்கு வரும்ண்ணே?" என்றான் லியோனார்ட்.

ஹாய்ஸ்டின் கீழே நின்று மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிரேக் பெட்டி பளபளவென்று பச்சைப் பெயிண்டில் மின்னியது. தரை சிமெண்ட் தேய்த்துக் கழுவப்பட்டு வெளுத்துக் கிடந்தது.

"யார் இதக் கழுவச் சொன்னது?"

"நான்தான்," என்றார் ஷாமல். "ரத்தம் மேடம். கொழுந்து எடுத்துட்டு வர்ற பொம்பளைங்க உள்ள வரமாட்டேங்கிறாங்க. சேப்டி ஆபீசர் வேற வர்றாங்க. அப்படியே விடச் சொல்றீங்களா?"

ஏணி வைத்து ஏறி, கரேன் பிரேக் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளேயும் பச்சைப் பெயிண்ட். மீட்டரை நுழைத்துப் பிடித்தாள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. கரேன் இறங்கி வந்து தலையை ஆட்டினாள்.

"சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல."

தினேஸ்வரன் பெருமூச்சு விட்டார். "அப்ப அந்தத் தட்டு இங்க வரவே இல்லன்னுதானே அர்த்தம் மேடம்?"

சுபத்ரா பேக்டரியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தோற்றுப் போனவளின் நடை. துளசியிடம் என்ன சொல்வது என்ற யோசனைதான் தலைக்குள் ஓடியது. கொழுந்து உருட்டும் மிஷின், சலிக்கும் மிஷின், உலர்த்தும் அடுப்பு. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம், கருகிப்போன செவ்வந்தி மாலை. ஆயுத பூஜைக்குப் போட்டது. யாரும் கழற்றவில்லை.

நின்றாள். திரும்பி ஹாய்ஸ்டைப் பார்த்தாள்.

"லியோ. எல்லா மிஷினுக்கும் மாலை இருக்கு. ஹாய்ஸ்டுக்கு?"

லியோனார்ட் அண்ணாந்து பார்த்தான். பிரேக் பெட்டிக்கு நேர் கீழே, குறுக்குச் சட்டத்தில் ஒரு வாழைநார்த் துண்டு மட்டும் தொங்கியது. "கட்டுன நாரு இருக்கு பாஸ். மாலையக் காணோம்."

"பெயிண்ட் அடிக்கிறவங்க கழட்டியிருப்பாங்க. கழட்டி எங்க போடுவாங்க? குப்பையில தேடணும்."

"குப்பையிலயா?" லியோனார்ட் முகம் மாறியது. "பாஸ், நீங்க டவுன்ல பொறந்தவங்க. நாங்க வேதக்காரங்கதான், ஆனா எங்கம்மாகிட்ட போயி குருத்து ஞாயித்துக்குக் குடுத்த ஓலையக் குப்பையில போடச் சொல்லுங்க, உங்களையும் சேத்து வெளிய போட்டுரும். காஞ்சி போனாலும் அது கோயிலுக்குத்தான் திரும்பிப் போகும். இங்கயும் அப்படித்தான். மிஷினுக்குப் போட்ட மாலையக் கழட்டுனா, நேரா முனியாண்டி சூலத்துலதான் மாட்டுவாங்க. அடுத்த திருவிழாவுல மொத்தமா ஆத்துல விடுவாங்க."

"பிரேக்குக்கு நேர் கீழ தொங்குன மாலை," என்றாள் கரேன். குரல் தாழ்ந்துவிட்டது. "ஈரப் பூ. பெட்டி அடியிலேர்ந்து இரும்புத் தூள் கசிஞ்சு விழுந்தா அப்படியே பிடிச்சு வச்சுக்கும்."

முனியாண்டி கோயில் பேக்டரிக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் விளிம்பில் இருந்தது. தகரக் கூரை, முன்னால் கம்பிக் கதவு, அதில் பெரிய பூட்டு. பித்தளை விளக்கு இரண்டு முறை களவு போன பிறகு போட்ட பூட்டு. லியோனார்ட் ஓடிப்போய்ச் சொன்னதும் தினேஸ்வரனே குடையோடு வந்து பூட்டைத் திறந்துவிட்டார். பின்னாலேயே ஷாமலும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"சாமி கும்புடணும்னா சொல்லியிருக்கலாமே மேடம், கற்பூரம் எடுத்தாந்திருப்பேன்," என்றார் தினேஸ்வரன்.

"கும்புடத்தான் வந்தோம். கொஞ்சம் வேற மாதிரி," என்றாள் சுபத்ரா.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் கால் வைத்து உள்ளே போனார்கள். சூலத்தில் ஏழெட்டுக் காய்ந்த மாலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கின. கரேன் மீட்டரை முதல் மாலையில் பிடித்தாள். ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. கூரை மேல் மழை கொட்டிய சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடுத்ததும் ஊமை.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக மாட்டியிருந்த மாலை. மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. மீட்டர் அதன் பக்கம் போனதும் டிக் என்றது. பிறகு டிக் டிக். பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுவது போல, விடாமல் டிக்டிக்டிக் என்று பொரிந்தது.

கரேன் மீட்டர்ப் பெட்டியின் திரையைப் பார்த்தாள். "இந்தக் கோடு கோபால்ட்டோடது. அதுவும் நாங்க அடிச்ச வகை. காத்துலயோ மண்ணுலயோ தானா வராது. எங்க தட்டு அந்த ஹாய்ஸ்ட்ல மாட்டி, ஓடி, தேஞ்சிருக்கு. சிவலிங்கம் சொன்னது உண்ம."

"அப்ப..." ஷாமல் குழம்பினார். "அப்ப தட்ட எடுத்தது யாரு?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கணும் துரை," என்றாள் சுபத்ரா. "ரத்தம் இருந்துச்சுன்னு கழுவச் சொன்னீங்க. ரத்தம் வெளியிலதானே இருந்திருக்கும்? பிரேக் பெட்டிக்கு உள்ள ஏன் கழுவி பெயிண்ட் அடிச்சீங்க?"

"உள்ளயுமா? நான் தரையையும் சட்டத்தையும்தான் மேடம் சொன்னேன். பெட்டிக்கு உள்ள எவன் பெயிண்ட் அடிப்பான்? பிரேக்கே பிடிக்காது!"

"மாலைய என்ன செய்யச் சொன்னீங்க?"

"குப்பையில போடச் சொன்னேன்." அவர் கொஞ்சம் கூசினார். "நானும் சாமி கும்புடுறவன்தான். ஆனா காஞ்ச பூவுக்கெல்லாம் யாரு..."

"குப்பையில போட மனசு வராத ஒருத்தர்தான் அதக் கழட்டியிருக்காரு. அவரு இந்தப் பூட்டையும் திறந்திருக்காரு."

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. தினேஸ்வரன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்கு.

"நான்தான் பெயிண்ட் அடிச்சேன்," என்றார் தினேஸ்வரன். "மாமா ரத்தம். அத வேற ஆளு கழுவ வேணாம்னு நானே கழுவுனேன். மாலையையும் நான்தான் மாட்டுனேன். அது ஒரு குத்தமா?"

"இல்ல," என்றாள் சுபத்ரா. "டாக்டர், இந்தத் தட்டு பேசும்னு எஸ்டேட்ல யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"துரைக்கும் கிராணிக்கும். லயத்து ஆளுங்க பயந்துடுவாங்க, அவங்களுக்குச் சொல்ல வேணாம்னு கிராணிதான் சொன்னாரு."

லியோனார்ட் இவ்வளவு நேரமும் தினேஸ்வரன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே," என்றான். "இங்க முன்னாடி ரெண்டு ஹாய்ஸ்ட் இருந்துச்சு. ரெண்டும் ஒரே மாதிரி. எங்கப்பா அதுலதான் மூட்ட ஏத்துவாரு. ஒண்ண எஸ்டேட்ல வித்தாங்க. வாங்குனது நீங்கதானே? பெர்த்தாம்ல கப்பின்னீங்களே, அது அந்த ஹாய்ஸ்ட்தானே?"

"அங்கயும் இந்த மீட்டரக் கொண்டு போலாமா கிராணி?" என்று கேட்டாள் சுபத்ரா.

தினேஸ்வரன் படிக்கட்டில் உட்கார்ந்தார். குடை கையிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டு போய்த் தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டது.

"ரெண்டே வாரம்னு நெனச்சேன்," என்றார். "எங்க கப்பித் தட்டு முழுசா தேஞ்சு போச்சு. புதுசு வரலன்னு கடைக்காரன் இழுத்தடிச்சான். அப்பத்தான் கோஸ் வெட்டுற நேரம். தீபாவளி லீவுல பேக்டரி பூட்டியிருந்தப்ப கழட்டிட்டு, பழசு கிடந்துச்சே, அத இதுல மாட்டுனேன். எத்தன வருஷம் ஓடுன தட்டு, இன்னும் ரெண்டு வாரம் தாங்காதான்னு..."

"தாங்கல," என்றாள் கரேன்.

"மாமா கீழ நிப்பாருன்னு எனக்குத் தெரியுமா மேடம்? என்னத் தூக்கி வளத்த மனுசன்."

"அது சரி, அண்ணே. நீங்க கொள்ளி வச்சிட்டு வந்து, சிவலிங்கம் வித்துட்டாருன்னு சொன்னீங்களே," என்றான் லியோனார்ட். வேடிக்கை பேசுகிற குரல் எங்கேயோ போய்விட்டது.

தினேஸ்வரன் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

சுபத்ரா அவர் எதிரே குனிந்தாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பெட்டியக் கழுவுனீங்க, தூள அழிச்சீங்க. அந்தத் தட்டயும் கழட்டி ஆத்துல வீசியிருந்தா நாங்க எதையும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. பேசுற தட்டுன்னு தெரிஞ்சும் இன்னிக்குக் காலை வரைக்கும் ஏன் அத ஓட்டுனீங்க?"

அவர் நிமிர்ந்தார். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தார்.

"அதக் கழட்டுனா பழசத்தானே மறுபடி மாட்டணும்? கப்பிக்குக் கீழ நின்னு கூடையக் கட்டுறது யாருன்னு நெனக்கிறீங்க? எம் பொண்டாட்டி. சாரதா. தேஞ்ச தட்ட மாட்டி அவ தலைக்கு மேல தொங்க விடச் சொல்றீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. மொட்டைத் தலையில் மழை நீர் வழிந்தது.

"இல்ல," என்றாள் சுபத்ரா. "சொல்ல மாட்டேன். யார் தலைக்கு மேலயும் தொங்க விடச் சொல்ல மாட்டேன்."

ஷாமல் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போலீசுக்குப் போன் போட்டார். கரேன் அந்த மாலையைப் பூ உதிராமல் இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு பையில் வைத்தாள். தினேஸ்வரன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, அதில் ஒன்றை மட்டும் பிரித்து லியோனார்ட்டிடம் நீட்டினார்.

"வெளக்கு இருக்கு உள்ள. பூட்டிரு."

லியோனார்ட் வாங்கிக்கொண்டான்.

சுபத்ரா தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கித் துளசியை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஆண்ட்டி?"

"இன்னும் ஸ்டேஷன்லயா இருக்க?"

"அப்பா பக்கத்துலதான். கம்பிகிட்ட நிக்க விட்டிருக்காங்க. சொல்லுங்க ஆண்ட்டி."

"உங்கப்பா மாட்டுனாரு. ஒழுங்கா மாட்டுனாரு. தட்டு நல்லா ஓடியிருக்கு. வேற ஆளு கழட்டிட்டாரு. கையப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லு. மொதல்ல அந்தக் கையால ஒரு வாய் சோறு சாப்பிடச் சொல்லு."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச தூரத்திலிருந்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி ஒரு டீச்சரின் குரல்.

"அப்பா! மாட்டுனீங்கப்பா! நீங்க மாட்டுனீங்க!"

மழைச் சத்தத்தையும் மீறி அது கோயில் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.